நாற்பத்தெட்டைப் பார்த்த கண்கள்

மாண்ட்ரியல் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஓர் ஓட்டப் பந்தயம் விஷயமாக என்றேன். என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். நீங்களா ஓடப்போகிறீர்கள் என்று கேட்காமல் விட்டது அவருடைய நாகரிகம். பந்தயம் எப்போது என்று மட்டும் கேட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில், லண்டனில் நடந்தது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நல்லவேளையாக, தங்கை வீட்டுக்கும் வந்திருக்கிறேன் என்று சேர்த்துச் சொல்லத் தோன்றியது. அதன் பிறகுதான் முத்திரை விழுந்தது.

நான் சென்னையில் விளையாட்டைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவன். விளையாடிய பழக்கம் கிடையாது. பள்ளியில் எனக்குக் கிடைத்த ஒரே பொறுப்பு, மற்ற பையன்கள் ஓடும்போது அவர்கள் கழற்றிக் கொடுக்கும் சட்டைகளையும் கைக்கடிகாரங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்வது. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. அடுத்த பஸ் வரும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவன். இப்படிப்பட்டவன் இருபத்தைந்து வருஷமாக ஓட்டக்காரர்களின் மூச்சிரைப்பைப் பற்றி வாராவாரம் எழுதி வருகிறேன் என்பதைப் படிக்கிறவர்கள் இதுவரை மன்னித்து வந்திருக்கிறார்கள்.

நாற்பத்தெட்டைப் பற்றி நான் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருந்தேன். போர் முடிந்து உலகம் மறுபடியும் விளையாட வந்த ஆண்டு அது. சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் ரேஷன் இருந்த லண்டனில் ஒலிம்பிக் நடத்தினார்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு டச்சுப் பெண் நான்கு தங்கம் வாங்கினார். கிரிக்கெட்டில் அதுவரை யாரும் காணாத ஒரு மட்டையாளர், இன்னும் நான்கு ஓட்டம் எடுத்தால் சராசரி நூறு என்ற நிலையில், தன் கடைசி இன்னிங்ஸில் ஒன்றுமே எடுக்காமல் திரும்பினார். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் நிறைவதற்குள் நம் ஆட்கள் பழைய எஜமானர்களை அவர்கள் மண்ணிலேயே ஹாக்கியில் தோற்கடித்தார்கள். அதே ஆண்டு சுதந்திரம் பெற்ற இலங்கைக்கு நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு வெள்ளிப் பதக்கம்.

இத்தனையும் நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தவை. நூலகங்களில் பழைய பேப்பர்களைப் புரட்டித் தும்மித் தும்மி எழுதியவை. பதிப்பாளர் படித்துவிட்டு, எல்லாமே பேப்பர் வாசனை அடிக்கிறது சார் என்றார். கண்ணால் பார்த்த ஒருவரையாவது பிடித்து வந்தால் அச்சுக்குப் போகலாம், இல்லையென்றால் மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு வருஷ உழைப்பு ஒரு ஜோடிக் கண்ணுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் என் கட்டுரைகளைப் படிக்கும் ஒருவர், மாண்ட்ரியலில் அம்பலவாணர் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் இருக்கிறார், அந்த வெள்ளி ஓட்டத்தை வெம்பிளி மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர் என்று தகவல் சொன்னார். என் தங்கை மாலா அதே ஊரில் குடியிருந்தது கடவுள் செயல். டிக்கெட் எடுத்தது அவள் புருஷன் செயல்.

தங்கை வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே மதிய வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கோடையில் சூரியனுக்கு இந்த ஊரில் வீடு திரும்பும் எண்ணமே வராது போலிருக்கிறது. வெளிச்சத்தில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டால் எனக்கு இறங்காது என்று ஜன்னல் திரையை இழுத்து விடச் சொன்னேன். சாம்பாரில் முருங்கைக்காய் மிதந்தது. உறைய வைத்துப் பெட்டியில் வருகிறதாம். கடித்தால் முருங்கைக்காய்தான், ஆனால் நீண்ட பிரயாணக் களைப்பு அதற்கும் இருந்தது.

"ஒரு நிமிஷம்கூட ஓடாத ரேஸுக்காண்ணா இவ்ளோ தூரம் வந்தே?" என்று கேட்டாள் மாலா. கணக்குப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். அந்த ஓட்டம் ஐம்பது விநாடியும் சொச்சமும். நான் ரசத்தில் கவனம் செலுத்தினேன்.

மறுநாள் அம்பலவாணர் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு அழைப்பு. வில்லரேயில் மகள் வீட்டில் இருந்தார். மெட்ரோ ரயிலில் மஞ்சள் கோட்டில் ஆற்றுக்கு அடியில் போய், ஆரஞ்சு கோட்டுக்கு மாற வேண்டும், ஒரு குழந்தைகூடப் போய்விடும் என்று மாலா சொல்லி அனுப்பினாள். குழந்தை போயிருக்கும். இந்த ஊர் மெட்ரோ ரப்பர் சக்கரத்தில் ஓடுகிறது. நம் மின்சார ரயிலைப் போலத் தடதடவென்று உலுக்கி எழுப்பும் வழக்கம் அதற்கு இல்லை. தொட்டில் ஆட்டுவது போல ஆட்டியது. சென்னையில் அப்போது ராத்திரி என்பதை என் உடம்பு மறக்கவில்லை. கண் விழித்தபோது பெட்டியில் நான் மட்டும் இருந்தேன், விளக்குகளை அணைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வெளியே வந்தால் லவால். அது மாண்ட்ரியல் தீவையே தாண்டி, இன்னோர் ஆற்றுக்கும் அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு நகரம். மெட்ரோ அங்கே வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முந்தைய வருஷம் தூங்கியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. சீருடை அணிந்த பெண்மணியிடம் வில்லரே என்றேன். அவர் பிரெஞ்சில் நீளமாக விளக்கினார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ஜூரும் மெர்சியும். இரண்டையும் ஒரே மூச்சில் செலவழித்த பிறகு எங்கள் உரையாடல் முடிந்துவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் ஆங்கிலத்தில் வழி சொன்னார். நன்றிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாற்பத்தெட்டில் எங்கள் கால்பந்துக்காரர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி பிரான்ஸிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள், இரண்டு பெனால்டியை வீணடிக்காமல் இருந்தால் உங்கள் ஆட்களை அன்றைக்கு அழவைத்திருப்போம் என்றேன். அவர் யோசித்துவிட்டு, தான் பிரான்ஸ்காரன் இல்லை, கியூபெக்காரன் என்றார். இரண்டு பெனால்டியையும் அடித்திருந்தால் தானும் சந்தோஷப்பட்டிருப்பேன் என்று சொல்லி, எதிர்த் திசை ரயிலைக் கைகாட்டினார்.

அம்பலவாணரின் மகள் சுகந்தி கதவைத் திறந்தார். நாற்பது வயதிருக்கும், குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவர். எனக்காக விடுப்பு எடுத்திருந்தார், சோறு ஆறிப்போயிருந்தது. லவாலுக்குப் போய்விட்டேன் என்றதும் அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் மறுபடி சுட வைத்தார். "சாப்பிடுங்கோ அண்ணை. பேந்து கதைக்கலாம்" என்றார்.

நண்டுக் குழம்பு. யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்படுவது வேறு, காதில் புகை வருவது வேறு. ஆந்திராக்காரர்களோடு பந்தியில் உட்கார்ந்து ஜெயித்தவன் என்று வீட்டில் பீற்றிக்கொள்கிறவன், இரண்டாவது கவளத்திலேயே மூக்கைத் துடைக்கத் தொடங்கினேன். எதிரே அம்பலவாணர் கண்கூடக் கலங்காமல் நண்டின் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர், மெலிந்து உயரமாக இருந்தார். வீட்டுக்குள்ளும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார்.

இந்த வட்டாரத்துத் தமிழர்களுக்கு அவர் வெம்பிளி ஐயா. கல்யாண வீடோ செத்த வீடோ, நாலு பேர் கூடினால் யாராவது அந்த ஓட்டத்தைச் சொல்லச் சொல்லுவார்கள் என்றார் சுகந்தி. எனக்காகவும் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, துப்பாக்கிச் சத்தத்தில் ஆரம்பித்தார். ஒவ்வொரு தடையாகத் தாண்டிக்கொண்டு வந்தார். கூட்டத்தின் இரைச்சல் ஏறி இறங்கியது, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரன் தொப்பியைத் தூக்கி எறிந்தான், தம் தோழர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். என் பேனா அவருக்குப் பின்னால் ஓட முடியாமல் தவித்தது. மனசுக்குள் பதிப்பாளருக்குப் போன் செய்துகொண்டிருந்தேன்.

பழக்க தோஷம், சில கேள்விகள் கேட்டேன். அந்த இலங்கைக்காரர் ஓடும்போது கை எப்படி இருந்தது? கடைசித் தடைக்கு முன்னால் திரும்பிப் பார்த்தாரா? அம்பலவாணர் தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகு கூட்டத்தின் இரைச்சலை இன்னொரு முறை சொன்னார். அப்போதுதான் கவனித்தேன், ஓட்டத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் காதுக்கான சங்கதிகளாகவே இருந்தன. எண்பது வயது ஞாபகம், இவ்வளவு இருப்பதே பெரிது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பேத்தி ஆரணி பையும் ஓட்டக் காலணியுமாக உள்ளே வந்தாள். பதினாறு வயது. அம்மாவோடு பிரெஞ்சும் தாத்தாவோடு தமிழுமாக ஒரே வாக்கியத்தில் பேசினாள். அவள் ஓடுவதும் அதே நானூறு மீட்டர் தடை ஓட்டம்தான். அவர்கள் அதைச் சட்டவேலி ஓட்டம் என்கிறார்கள். சனிக்கிழமை போட்டி, முதல் மூன்றுக்குள் வந்தால் மாகாணப் போட்டிக்குப் போகலாம் என்று சொல்லி என்னையும் வரச் சொன்னாள்.

"அம்மப்பாவும் வருவார் அங்கிள். ஆனா பாக்க மாட்டார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிப்பார்."

அம்பலவாணர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "எல்லாம் உன்ர நன்மைக்குத்தான் பிள்ளை" என்றார்.

ஆரணி மாடிக்குப் போய்விட்டாள். சுகந்தி என்னை வாசல்வரை விட வந்தபோது மெதுவாகச் சொன்னார். பெண் பிள்ளை அரைக் காற்சட்டையோடு ஓடுவது தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் பார்ப்பதில்லை என்று ஆரணி நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். ஒரே ஒரு தரம் பாருங்கோ என்று இந்த வருஷம் முழுக்கக் கேட்டுவிட்டாள், இனிக் கேட்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாளாம். தகப்பன் காரணத்தைத் தனக்குக்கூடச் சொன்னதில்லை என்றார்.

அடுத்த நாள் விழித்துக்கொண்டே பயணம் செய்தேன். எதிர் இருக்கைக்காரர் என்னைக் காவல்துறை ஆள் என்று நினைத்திருக்கலாம். கண்ணை அவ்வளவு அகலமாக வைத்திருந்தேன். அம்பலவாணர் என்னைச் சந்தைக்கு அழைத்துப் போனார். தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார். கடைக்காரப் பெண் முகம் சுளிக்காமல் இருந்தாள். நம் ஊரில் இப்படி முகர்ந்தால் கத்தரிக்காயை நம் மேல் வீசுவார்கள். திரும்பும் வழியில் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தோம். என் கேள்வித் தாள்களை வெளியே எடுத்தேன். அவர் அவற்றைக் கையால் மூடினார்.

"தம்பி, நீர் தூரத்திலயிருந்து வந்திருக்கிறீர். உம்மை ஏமாத்த எனக்கு மனம் வரேல்லை. நான் அந்த ஓட்டத்தைப் பாக்கேல்லை."

பிறகு சொன்னார். லண்டனுக்குப் படிக்கப் போன காலம். தம்மைப் போலப் படிக்க வந்த இலங்கைப் பையன்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போட்டிக்குப் போவார்களாம். ஆனால் அம்பலவாணருக்குப் பள்ளி நாளிலிருந்தே ஒரு பெயர். அவர் பார்க்கப் போன ஆட்டத்தில் எல்லாம் சொந்தப் பள்ளி தோற்றது. அவருக்குச் சின்னம்மை வந்து படுத்த வருஷம் மட்டும் வென்றது. லண்டனிலும் அதுவே தொடர்ந்தது. தகுதிச் சுற்றன்று இவருக்குக் காய்ச்சல், அறையில் படுத்திருந்தார், நம் ஆள் இறுதிக்கு வந்துவிட்டார். அதற்கு மேல் தோழர்களுக்கு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. இறுதி ஓட்டத்துக்கு ஆட்கள் வரிசையில் வந்து நின்றதும் ஒருவன் இவர் கையைப் பிடித்து, அம்பலம், நாட்டுக்காக ஒருக்கா வெளியில போய் நில் என்றானாம்.

இவர் போனார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தாமும் அப்படித்தான் நம்பினார். படிக்கட்டுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நின்று, கூட்டத்தின் சத்தத்தை வைத்தே ஓட்டத்தைப் பின்தொடர்ந்தார்.

"கடைசியில பொறுக்கேலாமல் போச்சு. சந்துக்குள்ளால ஒருக்கா எட்டிப் பாத்தனான். ஒரு கண் மூடித் திறக்கிற நேரம். அமெரிக்கன் முன்னுக்கு, எங்கட பெடியன் ரெண்டாவது. பாத்திருக்காட்டி அது தங்கம், தம்பி."

அவர் கேலி செய்யவில்லை. கண் கலங்கியிருந்தது, நண்டுக்குக்கூடக் கலங்காத கண். ஐம்பத்தொன்பது வருஷமாக ஒரு நாட்டின் தங்கப் பதக்கத்தைத் தன் கணக்கில் எழுதிச் சுமந்துகொண்டு, அதே ஓட்டத்தைக் கல்யாண வீடுகளில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறார். அன்றிலிருந்து தனக்கு வேண்டியவர்களின் எந்தப் போட்டியையும் அவர் பார்த்ததில்லை. மகளின் வலைப்பந்து ஆட்டங்களும் அப்படித்தான் போயின.

முதலில் எனக்கு வந்தது கோபம். கடைசி அத்தியாயம் போயிற்று, புத்தகமும் போயிற்று. அடுத்து சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், நானும் அதே ஜாதி. எங்கள் வீட்டில் கிரிக்கெட் ஓடும்போது நான் கூடத்தில் உட்கார்ந்தால் விக்கெட் விழும் என்பது என் அப்பாவின் கண்டுபிடிப்பு. இந்தியா ஜெயித்த பல ஆட்டங்களை நான் சமையலறையில் வெங்காயம் உரித்தபடி காதால் கேட்டவன். ஒரு தடவை ஒருவர் சதம் அடிக்கும்வரை என்னைக் குளியலறையை விட்டு வெளியே விடவில்லை. அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் என் முதல் கட்டுரையை எழுதினேன், நேரில் பார்த்ததுபோல.

இருந்தாலும் என் படிப்பைக் காட்ட வேண்டாமா? அந்த அமெரிக்கர்தான் ஜெயிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள் ஐயா, நீங்கள் எட்டிப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவர் முன்னால்தான் வந்திருப்பார், விநாடிக் கணக்கு என்னிடம் இருக்கிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உமக்குக் கணக்குத் தெரியும். எனக்கு என்ர கண்ணைத் தெரியும்."

என்னவும் எழுதும், ஆனால் ஆரணிக்கு இது தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். தெரிந்தால் அவள் பயப்படாமல் பாருங்கோ என்பாள், தாம் பார்த்துவிடுவோம், அவள் தோற்றுவிடுவாள். பிடிக்காமல்தான் பார்ப்பதில்லை என்று அவள் நினைத்தாலும் பரவாயில்லை, தோற்கக் கூடாது என்றார். நான் தக்காளிப் பையைத் தூக்கிக்கொண்டேன். வேறு எந்த உதவியும் எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை. திடலின் ஒரு பக்கம் படிக்கட்டு இருக்கைகள், மறுபக்கம் புல். போட்டிக்கு வந்த பெற்றோர்கள் மடக்கு நாற்காலி, குளிர்பெட்டி, குடை என்று குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தார்கள். உணவுக் கூடத்தில் பூட்டின் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். உருளைக்கிழங்கு வறுவலின் மொறுமொறுப்பை அரும்பாடுபட்டு வரவழைத்து, அதன் தலையில் சூடான குழம்பையும் பாலாடைக்கட்டியையும் கொட்டி நமத்துப்போக வைக்கிறார்கள். இது என்ன அநியாயம் என்று ஒரு வாய் தின்று பார்த்தேன். அநியாயத்தை முழுக்கத் தின்று முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

அம்பலவாணர் இருக்கைகளுக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தபடி போய் நின்றுகொண்டார். சுகந்தி தண்ணீர்ப் போத்தலோடு முடிவுக் கோட்டுப் பக்கம் போனார். எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. இருக்கைகளின் மூலையில் நின்று, நான் ஓட்டத்தைப் பார்த்து அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் தம் முதுகை எனக்கும் திடலுக்குமாகச் சேர்த்துக் காட்டிக்கொண்டு கேட்பார். நூற்றுக்கணக்கான ஓட்டங்களைப் பற்றி எழுதியவனுக்கு நேரில் ஒன்றை வர்ணிக்க வாய்த்தது அன்றுதான் முதல் தடவை. குரலைச் செருமிக்கொண்டு, வீராங்கனைகள் தத்தம் பாதையில் ஆயத்தமாகிறார்கள் என்று தொடங்கினேன்.

"தம்பி, பேப்பர் மாதிரிக் கதையாதையும். பிள்ளை எங்க நிக்கிறாள்?"

நான்காவது பாதை என்றேன். துப்பாக்கி வெடித்தது. அதன் பிறகு எனக்கு நினைவிருப்பதெல்லாம் என் வாயிலிருந்து உதிர்ந்த உளறல்தான். தாண்டிட்டா, தாண்டிட்டா, ஐயோ இப்பவும் தாண்டிட்டா. எத்தனை தடை போயிற்று என்ற கணக்கு எனக்கு முதல் வளைவிலேயே தொலைந்துவிட்டது. ஆரணி முன்னால் வந்துகொண்டிருந்தாள். இரண்டாவது வளைவு முடியும்போது அவளுக்கு முன்னால் ஒரே ஒரு பெண்தான். அம்பலவாணரின் தோள்கள் ஒவ்வொரு தடைக்கும் தூக்கிப் போட்டன. மூன்றுக்குள் வந்துவிடுவாள் என்று நான் கத்தினேன்.

அடுத்த தடையில் அவள் கால் இடித்தது. தடையோடு சேர்ந்து குப்புற விழுந்தாள்.

என் வாய் நின்றுவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஏன் நிப்பாட்டினீர் என்று கேட்டார் அம்பலவாணர். ஜெயிக்கிறாள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. தொழில் பழக்கம். முடியவில்லை.

"விழுந்துட்டா ஐயா."

அவர் திரும்பினார். ஐம்பத்தொன்பது வருஷக் கட்டுப்பாட்டை அவர் யோசித்துக் கைவிட்டதாகத் தெரியவில்லை. விழுந்துவிட்டாள் என்று கேட்டால் எந்தத் தாத்தாவும் திரும்புவார், அப்படித் திரும்பினார். என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார், நடந்தார் என்பது மரியாதைக்கு. எண்பது வயதில் அவர் ஓடினார், நான்தான் பின்தங்கினேன். நாங்கள் வேலியைப் பிடித்தபோது ஆரணி எழுந்துவிட்டிருந்தாள். முழங்காலில் ரத்தம். தாத்தாவைப் பார்த்தாள். அடுத்த தடையைத் தாண்டினாள், அதற்கு அடுத்ததையும். கடைசி ஆளாக வந்து முடித்தாள். அந்தக் கடைசித் துண்டு ஓட்டம் முழுவதையும் அவர் இமைக்காமல் பார்த்தார்.

சுகந்தி அவளை வேலியோரம் கூட்டிவந்தார். முழங்கால் தோல் வழன்றிருந்ததைத் தவிரப் பெரிய காயம் இல்லை. மாகாணப் போட்டி போய்விட்டது, அதற்காக அவள் அழுதுகொண்டிருந்தாள். அம்பலவாணர் வேலிக்கு மேலால் கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார். பிறகு தாமாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தம் கண்ணைப் பற்றி, வெம்பிளிப் படிக்கட்டைப் பற்றி, எட்டிப் பார்த்ததைப் பற்றி. தாயும் மகளும் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். சுகந்தி வேலியை இறுகப் பிடித்துக்கொண்டார். தன் வலைப்பந்து ஆட்டங்கள் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

ஆரணி மூக்கை உறிஞ்சினாள். "இதுக்கோ பாக்காமல் நிண்டனீங்கள்?" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அம்மப்பா, இண்டைக்கு நீங்க பாக்கேல்லை. நான் விழுந்தன். நீங்க பாத்த பிறகுதான் எழும்பினன்."

அவள் எழும்பியது அவர் பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால் என்பது எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விளையாட்டுத் தகவலைத் திருத்தாமல் விட்டேன்.

அம்பலவாணரின் உதடுகள் ஏதோ கணக்குப் போட்டன. "அப்ப அண்டைக்கும் காரணம் என்ர கண் இல்லை" என்றார், எங்களிடம் அல்ல, தமக்குத் தாமே. புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுகந்தி குனிந்து பிடிக்கப் போனார், வேண்டாம் என்று கையைக் காட்டினார். கூட்டத்தில் இருந்தவர்கள் அவருக்கு வெயில் தாங்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

பின்னேரம் தொடர் ஓட்டம் இருந்தது. பயிற்றுநர் ஆரணியைச் சேர்க்க வேண்டாம் என்றார், முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது. அவள் பிரெஞ்சில் சண்டை பிடித்துக் கடைசி ஆளாக ஓட இடம் வாங்கிக்கொண்டாள். அதுவரை நாங்கள் சுகந்தி கொண்டுவந்த மீன் ரோல்ஸைத் தின்றோம். அம்பலவாணர் தமக்கு முன்னால் நடந்த எல்லாப் போட்டியையும் பார்த்தார். குண்டு எறிதல், நீளம் பாய்தல், முன்பின் தெரியாத பிள்ளைகளின் ஓட்டம். பசித்தவன் பந்தியில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. ஒருத்தி உயரம் பாய்ந்தபோது தம் காலையும் தூக்கினார்.

தொடர் ஓட்டத்துக்கு அழைத்தார்கள். அவர் வேலியோரம் முதல் ஆளாகப் போய் நின்றுகொண்டார். நானும் பக்கத்தில் நின்றேன். முதல் பெண் புறப்பட்டாள், இரண்டாமவள் கோலை வாங்கினாள். அப்போதுதான் அந்த எண்ணம் என் மண்டையில் ஏறியது. காலையில் ஆரணி விழுந்தபோது அம்பலவாணர் பார்க்கவில்லை. சரி. அப்படியானால் பார்த்துக்கொண்டிருந்தது யார்?

நான்தான். குளியலறையில் அடைக்கப்பட்டவன், வெங்காயம் உரித்தவன்.

இது மூடத்தனம் என்று எனக்குத் தெரியும். இதைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். ஆனாலும் மூன்றாமவள் பாதி வட்டம் வந்ததும் என் கால்கள் தாமாகவே பின்வாங்கின. எங்க போறீர் என்று அம்பலவாணர் கேட்டார். காபி என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "உதில நில்லும், சொல்லுறன்" என்றார்.

நான் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கார்களைப் பார்த்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் அவர் குரல். அது கல்யாண வீட்டுக் குரல் அல்ல, தடுமாறியது. ஆரணி கோலை வாங்கிட்டாள் என்றார். நாலாவதா வாறாள். தலைமயிர் அவிண்டு போச்சு. காலை நொண்டிறாள், இல்லை, நொண்டேல்லை. முன்னுக்குப் போறவளின்ர தோளைப் பாத்துக்கொண்டு ஓடுறாள், வாயைத் திறந்துகொண்டு ஓடுறாள், தாய் மாதிரியே ஓடுறாள். பிறகு கூட்டத்தின் சத்தம் ஏறியது, அவர் குரல் அதில் அமுங்கிவிட்டது. சத்தம் அடங்கிய பிறகும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என்னாச்சு ஐயா என்று கார்களைப் பார்த்துக் கேட்டேன்.

"மூண்டாவது, தம்பி" என்றார் அம்பலவாணர். "முழுக்கப் பாத்தனான்."